இல்லாத வேதமும் ஏமாந்த மேதையும்

மத நூல்களை நம்பலாமா? அல்லது அவை எல்லாம் மனிதர்கள் கட்டிவிட்ட கதைகள்தானா?

இந்த விவாதம் டீக்கடையில் தொடங்கினாலும் சரி, கல்லூரி விடுதியில் தொடங்கினாலும் சரி, பெரும்பாலும் ஒரே மாதிரிதான் முடிகிறது. நம்புகிறவர் நம்பிக்கையோடு எழுந்து போகிறார். நம்பாதவர் சிரித்துக்கொண்டே எழுந்து போகிறார். இருவரும் அந்த நூலைத் திறந்து பார்த்திருக்க வேண்டும் என்ற அவசியம்கூட இல்லை!

சுமார் இரண்டரை நூற்றாண்டுகளுக்கு முன் இதே விவாதம் ஐரோப்பாவில் மிகப் பெரிய அளவில் நடந்தது. அதன் நடுவே புதுச்சேரியிலிருந்து போன ஒரு "வேதம்" மாட்டிக்கொண்டது. ஐரோப்பாவிலேயே எதையும் எளிதில் நம்பாதவர் என்று பெயர் வாங்கிய மனிதர் அதை நம்பினார். அந்தக் கதை, மத நூல்களைப் பற்றி மட்டுமல்ல, அவற்றைப் படிக்கிறவர்களைப் பற்றியும் நிறையச் சொல்கிறது.

ஜெனீவா அருகே ஒரு விருந்தாளி

1760ஆம் ஆண்டு. பிரெஞ்சு எழுத்தாளரும் தத்துவவாதியுமான வால்டேர் அப்போது ஜெனீவா அருகே வசித்து வந்தார். வயது அறுபதைத் தாண்டிவிட்டது. கத்தோலிக்கத் திருச்சபையின் மூட நம்பிக்கைகளையும் மதக் கொடுமைகளையும் தன் பேனாவால் கிழித்துக்கொண்டிருந்தவர் அவர். கடவுள் ஒருவர் உண்டு என்று ஏற்றுக்கொண்டார். ஆனால் குருமார்கள், அற்புதங்கள், "எங்கள் நூல் ஒன்றுதான் கடவுள் தந்தது" என்ற உரிமை ஆகிய எதையும் அவர் ஏற்கவில்லை.

அவரைப் பார்க்க இந்தியாவிலிருந்து திரும்பிய மோதாவ் என்ற பிரெஞ்சு அதிகாரி வந்தார். கையில் ஒரு கையெழுத்துப் பிரதி. பிரெஞ்சு மொழியில் எழுதப்பட்டது. அதன் பெயர் "எசூர் வேதம்".

பெயரைக் கேட்டதும் தமிழ் வாசகருக்குப் புரிந்திருக்கும். யஜுர் வேதத்தைத் தமிழ்நாட்டில் யசுர், எசுர் என்றெல்லாம் சொல்வது உண்டு. அந்த உச்சரிப்பைத்தான் பிரெஞ்சுக்காரர்கள் "எசூர்" என்று எழுதினார்கள். நான்கு வேதங்கள் இருக்கின்றன என்று ஐரோப்பா கேள்விப்பட்டிருந்தது. ஆனால் அவற்றில் என்ன இருக்கிறது என்று அங்கே யாருக்கும் தெரியாது. பிராமணர்கள் வெளியாருக்கு அவற்றைக் காட்டுவதில்லை. அப்படிப்பட்ட காலத்தில் ஒரு வேதத்தின் மொழிபெயர்ப்பே கையில் கிடைத்தால் எப்படி இருக்கும்? வால்டேருக்குப் புதையல் கிடைத்தது போல இருந்தது.

நூலில் என்ன இருந்தது?

எசூர் வேதம் ஓர் உரையாடல். பியாஷ் என்பவரும் ஷுமந்து என்பவரும் பேசிக்கொள்கிறார்கள். பியாஷ் என்பது வியாசர். ஷுமந்து என்பது சுமந்து முனிவர். பியாஷ் புராணக் கதைகளைச் சொல்கிறார். ஷுமந்து ஒவ்வொன்றையும் மறுக்கிறார். கடவுள் ஒருவரே, அவருக்கு உருவம் இல்லை, அவதாரக் கதைகள் எல்லாம் பிற்காலக் கற்பனை, சிலை வணக்கம் தவறு, இப்படிப்பட்ட கதைகளைப் பரப்பி மக்களைக் கெடுத்துவிட்டாயே என்று வியாசரையே கண்டிக்கிறார்!

இந்திய மரபு அறிந்தவர் இங்கேயே நின்றிருப்பார். மரபுப்படி சுமந்து வியாசரின் சீடர். வியாசரிடமிருந்து அதர்வ வேதத்தைப் பெற்றவர் அவர். இந்த நூலிலோ சீடர் குருவாகி, குருவைத் திட்டிக்கொண்டிருக்கிறார்.

வால்டேருக்கு அது தெரியாது. அவர் பார்த்தது வேறு. உருவமில்லாத ஒரே கடவுள், குருமார்களின் கட்டுக்கதைகளுக்குக் கண்டனம், எளிய ஒழுக்க போதனை. அவர் காலமெல்லாம் சொல்லி வந்த கருத்துகள் அப்படியே இருந்தன.

இன்னொரு செய்தியும் அவரைக் கவர்ந்தது. அந்த நூலில் முதல் மனிதனின் பெயர் "ஆதிமோ". பைபிளின் ஆதாமோடு எவ்வளவு ஒற்றுமை! உலகம் கி.மு. 4004இல் படைக்கப்பட்டது என்று பேராயர் அஷர் 1650இல் கணக்குப் போட்டுச் சொன்னதைப் பலர் நம்பிய காலம் அது. இந்திய நூல் யூதர்களின் நூலைவிடப் பழமையானது என்று காட்டிவிட்டால், ஆதாம் கதையே இந்தியாவிலிருந்து போனதுதான் என்று சொல்லிவிடலாம். திருச்சபை கட்டிய கோட்டையின் அஸ்திவாரமே ஆடிப்போகும்.

எசூர் வேதம் அலெக்சாண்டரின் படையெடுப்புக்கும் முந்தியது என்று வால்டேர் எழுதினார். 1761இல் அந்தப் பிரதியை பாரிஸில் இருந்த அரச நூலகத்துக்கு அன்பளிப்பாகக் கொடுத்தார். தன் வரலாற்று நூல்களில் அதைத் திரும்பத் திரும்ப மேற்கோள் காட்டினார்.

இதை மொழிபெயர்த்தவர் யார்? வால்டேர் கொடுத்த பதில் தமிழ்நாட்டினருக்கு மிகவும் சுவையாக இருக்கும். திருவரங்கம் கோயிலின் தலைமைப் பூசாரி என்றார் அவர்! நேர்மைக்குப் பேர்போன முதியவர், பிரெஞ்சு மொழி தெரிந்தவர், பிரெஞ்சுக் கம்பெனிக்கு உதவியவர் என்றெல்லாம் விளக்கமும் தந்தார்.

யோசித்துப் பாருங்கள். ஸ்ரீரங்கத்துப் பெருமாளுக்குப் பூசை செய்கிற பெரியவர், விஷ்ணுவின் அவதாரங்கள் பொய், சிலை வணக்கம் பாவம் என்று சொல்லும் ஒரு நூலை எங்கள் வேதம் என்று வெள்ளைக்காரருக்கு மொழிபெயர்த்துக் கொடுத்தாராம். காவிரிக் கரையில் யாரிடமாவது கேட்டிருந்தால் ஒரே நிமிடத்தில் விஷயம் உடைந்திருக்கும். ஆனால் கேட்க வேண்டும் என்று வால்டேருக்குத் தோன்றவில்லை. எல்லா அற்புதங்களையும் சந்தேகித்தவர் இந்த அற்புதத்தைச் சந்தேகிக்கவில்லை.

சாயம் வெளுக்கிறது

1778ஆம் ஆண்டு மே மாதம் வால்டேர் இறந்தார். அதே ஆண்டு சுவிட்சர்லாந்தில் உள்ள இவெர்தோன் நகரில் எசூர் வேதம் இரண்டு தொகுதிகளாக அச்சில் வந்தது. பதிப்பித்தவர் சேந்த்-க்ருவா என்ற பிரெஞ்சு அறிஞர். ஒரு பிராமணர் சமஸ்கிருதத்திலிருந்து மொழிபெயர்த்தது என்று தலைப்புப் பக்கமே சொன்னது. அடுத்த ஆண்டு ஜெர்மன் மொழியிலும் வந்துவிட்டது.

நான்கு ஆண்டுகள் கழித்து, 1782இல், முதல் அடி விழுந்தது. அடித்தவர் சொன்னேரா என்ற பிரெஞ்சுப் பயணி. இவர் இந்தியாவுக்கே வந்து, தென்னிந்தியாவில் சுற்றித் தன் பயண நூலை எழுதியவர். எசூர் வேதம் நான்கு வேதங்களில் ஒன்றே அல்ல, மசூலிப்பட்டினத்தில் இருந்த ஒரு கிறிஸ்தவப் பாதிரியார் எழுதிய வாத நூல் அது என்று அவர் எழுதினார். எல்லாவற்றையும் கிறிஸ்தவத்தை நோக்கித் திருப்புவதே நூலாசிரியரின் நோக்கம், பிராமணர் வேடத்துக்குள் பாதிரியார் இருப்பது தெரியாமலிருக்கச் சில தவறுகளை மட்டும் திருத்தாமல் விட்டிருக்கிறார் என்பது அவருடைய கணிப்பு.

வால்டேர் உயிரோடு இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ! கிறிஸ்தவத் திருச்சபையை வீழ்த்த அவர் தூக்கிய ஆயுதம், கிறிஸ்தவத்தைப் பரப்புவதற்காகத் திருச்சபையின் ஆளே செய்தது. ஆதாம் கதை இந்தியாவிலிருந்து போனதற்குச் சான்று என்று அவர் காட்டிய "ஆதிமோ", உண்மையில் பைபிளிலிருந்து இந்தியாவுக்கு வந்த ஆதாம். சமஸ்கிருதத்தில் "ஆதிம" என்றால் முதலாவது என்று பொருள். ஆதாமுக்கு அதைவிடப் பொருத்தமான இந்தியப் பெயர் கிடைக்காது. எழுதியவர் கெட்டிக்காரர்தான்.

எல்லிஸ் பெட்டியைத் திறக்கிறார்

இருந்தாலும் சொன்னேரா சொன்னது ஒரு கருத்து மட்டுமே. ஆதாரம் வேண்டுமே? அதைத் தந்தவர் தமிழர்களுக்கு நன்கு தெரிந்த ஒருவர். ஃபிரான்சிஸ் வைட் எல்லிஸ், அதாவது எல்லிஸ் துரை.

சென்னையில் கலெக்டராக இருந்த எல்லிஸ் திருக்குறளை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து உரை எழுதத் தொடங்கியவர். 1812இல் புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரி உருவாகக் காரணமாக இருந்தவர். தமிழ், தெலுங்கு, கன்னடம் முதலிய மொழிகள் சமஸ்கிருதத்திலிருந்து பிறந்தவை அல்ல, தனிக் குடும்பம் என்பதை 1816இலேயே சான்றுகளோடு காட்டியவர். கால்டுவெல்லின் புகழ்பெற்ற நூல் வருவதற்கு 40 ஆண்டுகளுக்கு முன்பு இது நடந்தது என்பது குறிப்பிடத்தக்கது.

எல்லிஸ் புதுச்சேரியில் கத்தோலிக்க மிஷனரிகளிடம் இருந்த பழைய கையெழுத்துப் பிரதிகளை ஆராய்ந்தார். அச்சான எசூர் வேதத்தின் மூலம் அங்கேயே இருந்தது! அதோடு, மற்ற வேதங்களின் பெயரைத் தாங்கிய வேறு பிரதிகளும் இருந்தன. ஒன்றல்ல, ஒரு குடும்பமே அங்கே இருந்தது.

எல்லிஸ் நீண்ட சொற்பொழிவு எதுவும் செய்யவில்லை. சில எளிய கேள்விகளைக் கேட்டார்.

எந்த எழுத்தில் எழுதப்பட்டிருக்கிறது? சமஸ்கிருதப் பகுதிகள் ரோமன் எழுத்தில் இருந்தன. எதிரே பிரெஞ்சு. கிரந்தத்திலும் இல்லை, தெலுங்கிலும் இல்லை, நாகரியிலும் இல்லை. வேதத்தை ரோமன் எழுத்தில் எழுதி வைத்த பிராமணர் யார்?

எந்த உச்சரிப்பு? "வேதம்" என்பது "பேதோ" என்பது போல எழுதப்பட்டிருந்தது. வகரம் பகரமாகவும், அகரம் ஒகரமாகவும் மாறியிருந்தது. இது வங்காளம், ஒரிசா பக்கத்து உச்சரிப்பு. ஸ்ரீரங்கத்து உச்சரிப்பு அல்ல.

எந்த நடை? வேத மொழிக்கென்று தனி இலக்கணம் உண்டு, தனிச் சந்தங்கள் உண்டு. இந்தப் பிரதிகளில் இருந்ததோ புராணங்களிலும் இதிகாசங்களிலும் வரும் சாதாரண சுலோக நடை. உண்மையான வேதம் எப்படி இருக்கும் என்பதையும் எடுத்துக்காட்டி, இரண்டையும் எல்லிஸ் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார்.

முடிவு தெளிவாக இருந்தது. இவை வேதங்கள் அல்ல, வேதங்களைப் போலச் செய்தவை. எல்லிஸ் 1819இல் ராமநாதபுரத்தில் இறந்துவிட்டார். அவருடைய கட்டுரை 1822இல் ஆசியாட்டிக் சொசைட்டியின் ஆய்விதழில் வெளிவந்தது.

எல்லிஸும் ஓரிடத்தில் தவறினார். எழுதியவர் மதுரையில் இருந்த ராபர்ட் டி நோபிலியாக இருக்கலாம் என்று ஊகித்தார். "தத்துவ போதகர்" என்று தமிழில் அறியப்படும் நோபிலி 1656இலேயே இறந்துவிட்டவர், இத்தாலியர். பின்னாளில் இந்த நூலை மிக விரிவாக ஆராய்ந்த லூடோ ரோஷர் 1984இல் வெளியிட்ட தன் ஆய்வில், எசூர் வேதம் முதலில் பிரெஞ்சிலேயே எழுதப்பட்டது, எழுதியவர் ஒரு பிரெஞ்சு சேசு சபைப் பாதிரியார் என்ற முடிவுக்கு வந்தார். அவர் பெயர் என்ன என்பதில் அறிஞர்களுக்குள் இன்றும் ஒருமித்த முடிவு இல்லை.

இங்கே அந்தப் பெயர் தெரியாத பாதிரியாருக்கும் ஒரு நியாயம் செய்ய வேண்டும். அவர் ஐரோப்பாவை ஏமாற்ற இதை எழுதவில்லை. அச்சிடவும் இல்லை. இந்துக்களோடு வாதம் செய்வதற்காக எழுதப்பட்டு, ஒரு பெட்டிக்குள் கிடந்த நூல் அது. யாரை நினைத்து எழுதினாரோ அவர்களை அது ஏமாற்றியதற்குச் சான்று இல்லை. அவர் நினைத்தே பார்க்காத வால்டேரைத்தான் அது வீழ்த்தியது.

நூலகத்தில் தூங்கிய உண்மை

இந்தக் கதையில் எல்லாவற்றையும்விட வேதனையான பகுதி இதுதான். வால்டேர் தன் போலி வேதத்தை அன்பளிப்பாகக் கொடுத்தாரே, அதே பாரிஸ் அரச நூலகத்தில் உண்மையான வேதச் சுவடிகள் ஏற்கெனவே இருந்தன!

1730களில் தென்னிந்தியாவில் இருந்த சேசு சபையினர், நூலகத்தாரின் வேண்டுகோளின்படி வேதப் பிரதிகளைத் தேடிப் பிடித்து அனுப்பியிருந்தார்கள். அதில் முக்கியப் பங்கு கால்மெத் என்ற பாதிரியாருக்கு உண்டு. அவை தென்னிந்திய எழுத்துகளில் இருந்தன. பாரிஸில் அவற்றைப் படிக்கத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. படிக்க முடியாத உண்மை அலமாரியில் கிடந்தது. படிக்க முடிந்த போலி புகழ் பெற்றது.

வேதங்களில் என்ன இருக்கிறது என்பதை ஐரோப்பாவுக்கு முறையாகச் சொன்ன முதல் கட்டுரையை கோல்புரூக் 1805இல்தான் வெளியிட்டார். மாக்ஸ் முல்லரின் ரிக் வேதப் பதிப்பு 1849இல் தொடங்கி 1874இல் முடிந்தது.

நம்பிக்கையாளரும் ஏமாந்தார்

ஏமாந்தது கடவுளை விட்டுவிட்டு மத நூல்களை எதிர்த்தவர்தானே என்று யாராவது மகிழ்ந்தால், அவர்கள் வில்ஃபோர்டின் கதையையும் கேட்க வேண்டும்.

ஃபிரான்சிஸ் வில்ஃபோர்ட் கிழக்கிந்தியக் கம்பெனியின் ராணுவ அதிகாரி. காசியில் இருந்தார். பைபிளில் சொன்னவை எல்லாம் இந்தியப் புராணங்களிலும் இருக்கும் என்பது அவருடைய உறுதியான நம்பிக்கை. ஒரு பண்டிதரைச் சம்பளத்துக்கு வைத்துக்கொண்டார். நோவாவின் கதை, எகிப்தின் கதை, கிரேக்கர்களின் கதை எல்லாவற்றையும் அவரிடம் சொல்லி, "இதைப்போல உங்கள் நூல்களில் இருக்கிறதா, தேடுங்கள்" என்றார்.

தேடினால் கிடைக்காமல் இருக்குமா? கிடைத்தது! பத்ம புராணத்தில் சத்யவர்மன் என்ற அரசன், அவனுக்கு மூன்று பிள்ளைகள், அவர்கள் பெயர் ஷர்மா, சர்மா, ஜ்யாபேதி. அரசன் குடித்து மயங்குகிறான், ஒரு மகன் பார்த்துச் சிரிக்கிறான், சாபம் பெறுகிறான். பைபிளின் ஆதியாகமத்தில் நோவாவுக்கும் அவன் பிள்ளைகள் சேம், காம், யாப்பேத்துக்கும் நடந்தது அச்சு அசலாக அப்படியே. 1792இல் வில்ஃபோர்டின் கட்டுரை வெளிவந்தபோது, சர் வில்லியம் ஜோன்ஸே இதை மெச்சித் தன் குறிப்பையும் சேர்த்தார். பைபிள் உண்மை என்பதற்கு இந்தியாவிலிருந்தே சாட்சி என்று ஐரோப்பாவில் பலர் மகிழ்ந்தார்கள்.

பிறகுதான் வில்ஃபோர்ட் ஏடுகளை மூலங்களோடு ஒப்பிட்டுப் பார்த்தார். பண்டிதர் பெயர்களை மாற்றியிருந்தார், கதைகளைத் தானே எழுதிச் செருகியிருந்தார். 1805இல் வில்ஃபோர்ட் இதை அச்சிலேயே ஒப்புக்கொண்டார். அந்த நேர்மைக்கு அவரைப் பாராட்ட வேண்டும். ஆனால் ஜோன்ஸ் 1794இலேயே இறந்துவிட்டார். வால்டேரைப் போலவே அவரும் தான் ஏமாந்ததை அறியாமலே போனார்.

பைபிளைத் தாக்க விரும்பியவருக்கு ஒரு போலி கிடைத்தது. பைபிளைக் காக்க விரும்பியவருக்கும் ஒரு போலி கிடைத்தது. இரண்டு போலிகளும் இந்தியாவைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. கேட்டவர் மனதில் இருந்ததைத் திருப்பிச் சொன்னன, அவ்வளவே.

அளவு மீறிய சந்தேகம்

சரி, அப்படியானால் எதையுமே நம்பாமல் இருந்துவிட்டால் தப்பித்துவிடலாமா? அதுவும் நடக்கவில்லை.

எடின்பரோவைச் சேர்ந்த டுகால்ட் ஸ்டூவர்ட் அந்தக் காலத்தில் பெயர் பெற்ற தத்துவப் பேராசிரியர். அவர் 1827இல் வெளியிட்ட நூலில், சமஸ்கிருதம் என்ற மொழியே பிராமணர்களின் மோசடியாக இருக்கலாம் என்று எழுதினார். அலெக்சாண்டர் வந்த பிறகு, கிரேக்க மொழியைப் பார்த்து அதை உருவாக்கிக்கொண்டார்கள் என்பது அவர் வாதம். சமஸ்கிருதமும் கிரேக்கமும் லத்தீனும் ஒரே மூலத்திலிருந்து பிரிந்தவை என்று ஜோன்ஸ் சொல்லி அப்போது 40 ஆண்டுகள் ஆகியிருந்தன. ஆனாலும் ஒரு முழு மொழியையே சிலர் கூடி உட்கார்ந்து கற்பனை செய்தார்கள் என்று நம்புவது அந்தச் சந்தேகவாதிக்கு எளிதாக இருந்தது.

போலி வேதத்தை உண்மை என்று நம்பியதும் தவறு. உண்மையான மொழியைப் போலி என்று ஒதுக்கியதும் தவறு. இரண்டு பேருமே மூலத்தைப் படிக்கவில்லை.

ஒரு கேள்வி அல்ல, மூன்று

இப்போது முதல் கேள்விக்குத் திரும்பலாம். மத நூல்களை நம்பலாமா? இது ஒரு கேள்வி போலத் தெரிகிறது. உண்மையில் இதற்குள் மூன்று கேள்விகள் ஒளிந்திருக்கின்றன.

முதல் கேள்வி: இந்த நூல் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்ளும் காலத்தையும் இடத்தையும் சேர்ந்ததுதானா? எல்லிஸ் பதில் சொன்னது இந்தக் கேள்விக்குத்தான். அவருக்கு முன்பே இத்தாலியில் லொரென்சோ வல்லா இதே வழியில் போயிருக்கிறார். ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் மேற்குலகின் ஆட்சியையே போப்பாண்டவருக்குக் கொடுத்ததாக ஒரு பத்திரம் இருந்தது. அதிலுள்ள லத்தீன் அந்தப் பேரரசர் காலத்து லத்தீன் அல்ல, அது பிற்காலப் போலி என்று 1440இல் வல்லா நிறுவினார். வல்லா நாத்திகர் அல்ல. பின்னாளில் போப்பாண்டவரிடமே வேலை பார்த்தவர்!

இரண்டாவது கேள்வி: நூல் மாறாமல் நம் கைக்கு வந்திருக்கிறதா? இதில் சில மத நூல்கள் வியக்க வைக்கின்றன. ரிக் வேதத்தின் 1028 பாடல்கள் மிக நீண்ட காலம் எழுத்தில்லாமல் வாய்மொழியாகவே வந்தன. சொற்களைத் தனித்தனியாகப் பிரித்தும், முன்னும் பின்னும் மாற்றிக் கோத்தும் ஓதும் பதம், கிரமம், கனம் போன்ற முறைகள் ஓர் அசைகூடப் பிசகாமல் காத்தன. சவக்கடல் அருகே கும்ரான் குகையில் 1947இல் கிடைத்த ஏசாயா நூலின் சுருள் கி.மு. இரண்டாம் நூற்றாண்டளவில் எழுதப்பட்டது. அதுவரை தெரிந்திருந்த எபிரேயப் பிரதிகளைவிட ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் பழமையானது. ஒப்பிட்டபோது எழுத்துக்கூட்டல் வேறுபாடுகள் ஏராளம், ஆனால் நூல் பெரும்பாலும் அதே நூல்தான். அதே பகுதிக் குகைகளில் கிடைத்த எரேமியா நூலின் துண்டுகளோ வேறு கதை சொல்கின்றன. அந்த நூல் நீளமான வடிவத்திலும் குறுகிய வடிவத்திலும் ஒரே காலத்தில் வழங்கி வந்திருக்கிறது. ஆக, ஒரே மதத்தின் நூல்களில்கூட ஒவ்வொன்றையும் தனியாகத்தான் பார்க்க வேண்டியிருக்கிறது.

மூன்றாவது கேள்வி: நூல் சொல்வது உண்மையா? இங்கே வரலாறு பாதி தூரம்தான் வரும். துருக்கியில் பொகாஸ்கோய் என்ற இடத்தில் கிடைத்த களிமண் பலகைகளில், கி.மு. 14ஆம் நூற்றாண்டில் மித்தானி நாட்டு அரசன் செய்த ஓர் ஒப்பந்தம் இருக்கிறது. மித்திரன், வருணன், இந்திரன், நாசத்யர் ஆகிய தெய்வங்கள் அதில் சாட்சிகளாக அழைக்கப்படுகிறார்கள். ரிக் வேதத்தின் தெய்வங்களை அவ்வளவு பழங்காலத்திலேயே மக்கள் வணங்கினார்கள் என்பதற்கு இது வலுவான சான்று. ஆனால் இந்திரன் இருக்கிறானா என்பதற்கு இது சான்றாகுமா? ஆகாது. இல்லை என்பதற்கும் சான்றாகாது. எந்த அகழ்வாராய்ச்சியாலும் அதைத் தோண்டி எடுக்க முடியாது.

பெரும்பாலான சண்டைகள் இந்த மூன்றையும் குழப்புவதால்தான் வருகின்றன. "எங்கள் நூல் ஒரு எழுத்துகூட மாறவில்லை, எனவே அது கடவுள் சொன்னது" என்கிறார் ஒருவர். இரண்டாவது கேள்வியின் பதிலை மூன்றாவதுக்கு எடுத்துக்கொண்டார். "உங்கள் நூலைப் பல பேர் பல காலத்தில் எழுதியிருக்கிறார்கள், எனவே அதில் உள்ளது எல்லாம் பொய்" என்கிறார் இன்னொருவர். அவர் முதல் கேள்வியின் பதிலை மூன்றாவதுக்கு எடுத்துக்கொண்டார். இரண்டுமே தாவல்தான்.

தொன்மம் வேறு, போலி வேறு

கட்டுக்கதை என்ற சொல்லையும் கவனமாகப் பயன்படுத்த வேண்டியிருக்கிறது. நோவாவின் வெள்ளக் கதையும், மனுவை மீன் காப்பாற்றிய சதபத பிராமணக் கதையும் தொன்மங்கள். தலைமுறை தலைமுறையாக மக்கள் சொல்லி, நம்பி, அதன் வழியாக வாழ்க்கைக்கு அர்த்தம் தேடிய கதைகள். அவற்றைக் கையாண்டவர்கள் மனிதர்கள்தான், அந்தக் கைத்தடம் அவற்றில் இருக்கத்தான் செய்யும். ஆனால் காசிப் பண்டிதர் செருகிய சத்யவர்மன் கதை தொன்மம் அல்ல. ஒரு துரையைத் திருப்திப்படுத்த எழுதியது. பார்வைக்கு இரண்டும் ஒன்று போல இருக்கும். ஒன்று ஒரு சமூகத்தின் நினைவு, மற்றது ஒரு மாதச் சம்பளத்தின் விளைவு.

இந்த வேறுபாட்டைக் கண்டுபிடிக்க பக்தியும் உதவவில்லை, பகுத்தறிவு என்ற பட்டமும் உதவவில்லை. வால்டேரைவிட அறிவாளிகள் அந்த நூற்றாண்டில் சிலரே. ஜோன்ஸைவிடப் பன்மொழி அறிந்தவர்கள் அதைவிடக் குறைவு. ஆனாலும் தங்கள் மனதுக்குப் பிடித்த பதிலைச் சொன்ன நூலிடம் அவர்கள் கேள்வி கேட்க மறந்தார்கள். பிடிக்காத நூலிடம் நூறு கேள்வி கேட்பது யாருக்கும் எளிது. பிடித்த நூலிடம் ஒரே ஒரு கேள்வி கேட்பதுதான் கடினம்.

இன்றைக்கு எசூர் வேதத்தைப் போன்றவை கப்பலேறி மாதக் கணக்கில் பயணம் செய்ய வேண்டியதில்லை. "நாசாவே சொல்லிவிட்டது", "பைபிளில் அன்றே எழுதியிருக்கிறது", "வேதத்தில் விமானம் இருக்கிறது" என்று ஒரு நொடியில் கைக்கு வந்துவிடுகின்றன. வேத நூல்களை இழிவுபடுத்தும் பொய் மேற்கோள்களும் அதே வேகத்தில் வருகின்றன. மகிழ்ந்து அனுப்புகிறவர்களும், கோபப்பட்டு அனுப்புகிறவர்களும் வால்டேர் செய்ததையே செய்கிறார்கள்.

எல்லிஸ் செய்தது பெரிய மந்திரம் ஒன்றும் இல்லை. எந்த எழுத்து, எந்த உச்சரிப்பு, எந்த நடை, யார் கையில் இருந்தது என்று கேட்டார். தெரிந்ததைச் சொன்னார். அவர் ஊகித்த இடத்தில் அவரும் தவறினார், பின்னால் வந்தவர்கள் அதையும் திருத்தினார்கள். மத நூல்களை நம்பலாமா என்று கேட்பவர் முதலில் அவற்றைத் திறந்து, இந்த நான்கு கேள்விகளைக் கேட்டுப் பார்க்கலாம். அதற்குப் பிறகு நம்புவதா வேண்டாமா என்பது அவரவர் மனசாட்சியைப் பொறுத்தது.